அசைய மறுக்கும் சக்கரம்

பரணிலோ மாடிப்படியின் அடியிலோ கோணிச் சாக்கு மூடி இருபது முப்பது ஆண்டுகள் கிடந்த தையல் யந்திரத்தை வெளியே எடுத்துத் தூசி தட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஓர் ஐயம் எழுவதுண்டு. கடைசியாக ஓடிய நாளில் அது குறையின்றி ஓடியது. அதன்பின் ஒருவரும் அதைத் தொடவில்லை. அது கீழே விழவுமில்லை, மழையில் நனையவுமில்லை. பார்வைக்கு ஒரு பாகமும் உடைந்திருக்கவில்லை. அப்படியிருக்க, கைச்சக்கரத்தை இரண்டு கைகளாலும் பற்றித் திருப்பினாலும் அது அணுவளவும் அசைய மறுப்பது ஏன்? உழைக்கும் பொருள் தேயும் என்பது நாம் அறிந்த நியாயம். உழைக்காமல் கிடந்த காரணத்தாலேயே ஒரு பொருள் கெடுமானால், அந்தக் கேட்டுக்குத் தேய்மானம் அல்லாத வேறொரு காரணம் இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணத்தை அறியாதவர்கள், யந்திரத்தின் ஆயுள் முடிந்துவிட்டதென்று தீர்மானித்து அதைப் பழைய இரும்பின் விலைக்கு நிறுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இது மிகவும் வருந்தத்தக்க செயல். ஏனெனில், அத்தகைய யந்திரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இரும்புக்கு ஒரு கேடும் நேர்ந்திருப்பதில்லை. மூட்டுகளில் விட்ட எண்ணெய்தான் திரவமாயிருந்த நிலை மாறிப் பிசினாகி, அசையும் பாகத்தை அசையாத பாகத்தோடு ஒட்டி வைத்திருக்கிறது. பழைய யந்திரத்தையும் அதன் மேஜையையும் புதுப்பிக்கும் கலை முழுவதும் சில மெல்லிய படலங்களைப் பற்றிய ஞானமே என்பது என் துணிபு: எந்தப் படலம் எந்தத் திரவத்தில் கரையும், எதில் கரையாது, எதைக் கரைக்க வேண்டும், எதை எக்காரணத்தாலும் கரைக்கலாகாது என்பவற்றை அறிந்தவனுக்கு வலிமையான கரங்கள் தேவையில்லை.

இரும்பின் பிறப்பிடம்

எலியாஸ் ஹோ 1846-ஆம் ஆண்டிலும் ஐசக் மெரிட் சிங்கர் 1851-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் தத்தம் தையல் யந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார்கள். சிங்கரின் பெயரால் எழுந்த நிறுவனம், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்கு அருகே கிளைடுபேங்க் என்னும் ஊரின் கில்போவிப் பகுதியில் அமைத்த ஆலை 1885 முதல் 1980 வரை இயங்கியது. 1913 என்ற ஒரே ஆண்டில் அங்கிருந்து சுமார் 13 லட்சம் யந்திரங்கள் வெளியேறின. நம் நாட்டு வீடுகளில் அகப்படும் பழைய சிங்கர் யந்திரங்களில் பல அங்கே உருவானவையே. 15கே, 66கே, 99கே என மாதிரி எண்ணை அடுத்து நிற்கும் 'கே' என்ற எழுத்து கில்போவியைக் குறிப்பது. அடித்தட்டில் பொறித்திருக்கும் தொடர் எண்ணின் தலைப்பெழுத்து யந்திரத்தின் வயதைச் சொல்லும்: 'ஒய்' என்று தொடங்கினால் அது 1920-களையோ 1930-களின் முற்பகுதியையோ சேர்ந்தது, 'இஏ' முதலான இரட்டையெழுத்துகள் 1935-ஐ ஒட்டி வழக்குக்கு வந்தவை. 1930-களில் கல்கத்தாவின் ஜெய் எஞ்ஜினீயரிங் ஒர்க்ஸ் 'உஷா' யந்திரங்களைச் செய்யத் தொடங்கிய பின் சுதேசி யந்திரங்களும் நம் வீடுகளுக்கு வந்தன. யந்திர நாகரிகத்தைக் கடுமையாகக் கண்டித்த காந்தியடிகளே, 1924-இல் ஜி. ராமச்சந்திரனோடு நிகழ்த்திய சம்பாஷணையில், சிங்கரின் தையல் யந்திரத்தைத் தம் கண்டனத்துக்கு விலக்காகக் கூறினார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவர்.

இந்த யந்திரங்களின் உடல் வார்ப்பிரும்பு. உள்ளே சுழலும் தண்டுகள் எஃகு. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கரி கலந்திருக்கிறது. அக்கரியின் பெரும்பகுதி கிராஃபைட் என்னும் நுண்ணிய செதில்களாக இரும்பினூடே பரவிக் கிடப்பதால், அந்த உலோகம் அதிர்ச்சியைத் தன்னுள் அடக்கிக்கொண்டு யந்திரத்தை நடுங்காமல் ஓடச் செய்கிறது. ஆனால் அதே செதில்களின் விளிம்புகளில்தான் விரிசலும் பிறக்கிறது. ஆகையால் வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, அடித்தால் உடையும். இறுகிய யந்திரத்தைச் சுத்தியால் தட்டி இளக்க முயல்கிறவர்கள், நூறாண்டு நிற்கக்கூடிய ஒரு பொருளை ஒரு நொடியில் பாழாக்கிவிடுகிறார்கள்.

தேடும்போது காண வேண்டியவை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருட்கடைகளிலும், ஊர்தோறும் உள்ள பழைய இரும்புக் கடைகளிலும், தொழிலை விட்டுவிட்ட தையற்காரர்களின் வீடுகளிலும் இவ்யந்திரங்கள் கிடைக்கின்றன. வாங்கப் போகிறவர் சக்கரம் சுழலவில்லை என்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. அது சரி செய்யத்தக்கது. அவர் பார்க்க வேண்டியது வார்ப்பில் விரிசல் உண்டா என்பதை. அடுத்து, கீழ்நூலைத் தாங்கும் பாபின் கேஸும், மேல்நூலை அதைச் சுற்றிக் கொண்டுபோகும் ஷட்டிலும் இருக்கின்றனவா என்பதை. 15-ஆம் வகை யந்திரமானால் ஷட்டில் காணாமற்போனாலும் கவலையில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜப்பானியர் அந்த வகையைப் பின்பற்றி லட்சக்கணக்கில் செய்தார்கள், நம் நாட்டிலும் செய்தார்கள். அதனால் அதற்குரிய ஷட்டிலும் பாபினும் ஊசியும் இன்றும் எந்தத் தையல் சாமான் கடையிலும் அகப்படும். அதற்கு மாறாக, துப்பாக்கித் தோட்டா வடிவமான ஷட்டில் இப்படியும் அப்படியும் ஊசலாடும் 27, 28-ஆம் வகை யந்திரங்களுக்கு அந்த ஷட்டிலும் நீண்ட பாபினும் தனியே தேடினால் எளிதில் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு வதந்தியையும் மறுத்தாக வேண்டும். 2009-ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் யந்திரங்களுக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்ற அபூர்வ வஸ்து இருக்கிறதென்ற பேச்சுப் பரவி, அவற்றின் விலை விபரீதமாக ஏறியது. அவ்வாறான வஸ்து எந்தத் தையல் யந்திரத்திலும் கிடையாது. அந்த ஆசையால் பிரித்தெறியப்பட்ட நல்ல யந்திரங்களை நினைத்தால் மனம் நோகிறது.

எண்ணெய் பிசினாகும் விதம்

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தாவர எண்ணெய்களின் மூலக்கூறுகள் நீண்ட கரிச் சங்கிலிகளால் ஆனவை. அச்சங்கிலிகளில் சில இடங்களில் அடுத்தடுத்த இரண்டு கரி அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கட்டுண்டிருக்கும். காற்றிலுள்ள பிராணவாயு பற்றிக்கொள்ளும் இடம் அதுவே. அவ்விடத்தில் புகுந்த பிராணவாயு ஒரு சங்கிலியைப் பக்கத்திலுள்ள மற்றொரு சங்கிலியோடு பாலமிட்டு இணைக்கிறது. அந்த இரண்டும் மூன்றாவதோடு இணைகின்றன. இவ்வாறு நாளடைவில், தனித்தனியே வழுக்கி ஓடிய சங்கிலிகள் எல்லாம் ஒரே வலையாகப் பின்னிக்கொள்கின்றன. இதை 'வலைப்பிணைவு' என்று அழைப்போம். ஆளிவிதை எண்ணெயில் இது மிக விரைவாக நடப்பதால்தான் ஓவியர்கள் அதில் வர்ணம் குழைக்கிறார்கள். நல்லெண்ணெயில் மெதுவாக நடக்கிறது. தேங்காயெண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவாதலால் அது பிசினாவது அரிது. ஆனால் மார்கழிக் குளிரில் அது உறைகிறது. நாட்பட நாட்படக் கெட்டு, அமிலமாகி உலோகத்தை அரிக்கிறது. ஆகவே சமையலறை எண்ணெய் எதுவும் தையல் யந்திரத்துக்கு உகந்ததன்று. ஆயினும் கடை எண்ணெய் தீர்ந்துபோன ஒரு நாளில், கைக்கெட்டிய எண்ணெயை நாலு சொட்டு விட்டுத் தைத்து முடிக்காத வீடு நம் நாட்டில் அரிது.

பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெல்லிய யந்திர எண்ணெயில் இத்தகைய பிணைப்புகள் இல்லை. அதனால் அது நெடுங்காலம் தாங்கும். ஆனாலும் என்றென்றைக்கும் தாங்காது. அதன் இலகுவான பகுதி மெல்ல ஆவியாகிறது. எஞ்சியது பிராணவாயுவோடு சேர்ந்து பழுப்பாகிறது. துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு அதில் ஊறிக் களியாகிறது. அன்றியும் இரும்பும் செம்பும் தாமே இந்த ரசாயன வினையைத் துரிதப்படுத்தும் குணம் உடையவை.

நாள்தோறும் ஓடும் யந்திரத்தில் இது நேர்வதில்லை. அங்கே பழைய எண்ணெய் மூட்டிலிருந்து கசிந்து வெளியேறுகிறது, புதிய எண்ணெய் உள்ளே புகுகிறது. ஓட்டத்தின் உரசலில் வலை பின்னத் தொடங்கும் போதே அறுபடுகிறது. கிடப்பில் போட்ட யந்திரத்தில் இவை இரண்டும் இல்லை. மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் அடைபட்ட அந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் அசைவற்றிருந்து, தண்டுக்கும் அதைத் தாங்கும் துளைக்கும் நடுவே பசையாகிவிடுகிறது.

எது எதைக் கரைக்கும்

எண்ணெயில் கரைவது நீரில் கரையாது. சாராயத்தில் கரைவது எண்ணெயில் கரையாமலிருக்கலாம். குணத்தால் ஒத்த பொருள்கள் ஒன்றில் ஒன்று கரையும் என்பது ரசாயன சாஸ்திரத்தின் பழைய விதி. மண்ணெண்ணெய், யந்திர எண்ணெயின் நெருங்கிய உறவு. ஆகையால் அது பழைய யந்திர எண்ணெயின் பிசினைக் கரைக்கிறது. தாவர எண்ணெயின் வலைப்பிணைவை அது முற்றிலும் கரைக்காது. ஆனால் அதில் ஊறி உப்பச் செய்து, பிடியைத் தளர்த்துகிறது. சூடும் அதற்குத் துணை செய்யும். இந்த இரண்டோடு பொறுமையும் சேர்ந்தால் போதும்.

ஆனால் யந்திரத்தின் கறுப்பு உடலின் மேலும் அதன் மேஜையின் மேலும் உள்ள மேற்பூச்சு பெரும்பாலும் வேறு ஜாதிப் படலம். அதற்கு மண்ணெண்ணெய் தீங்கு செய்வதில்லை. ஸ்பிரிட் என்று தச்சர்கள் சொல்லும் சாராயமோ அதைக் கண்ணெதிரே கரைத்துவிடும். இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் நிறுத்திக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

ஒரு 15கே யந்திரம்

கால்மிதியோடு கூடிய ஒரு 15கே யந்திரத்தின் சக்கரம் அசையவில்லை என்று கொள்வோம். முதற்காரியமாகத் தோல் பெல்ட்டைக் கழற்றி, தலையைக் கால்மிதியின் பாரத்திலிருந்து பிரிக்க வேண்டும். பிறகு சக்கரத்தின் நடுவிலுள்ள சிறு வட்டத் திருகை இளக்க வேண்டும். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமலிருப்பதற்காக அமைந்தது அந்தத் திருகு. அதை இளக்கினால் சக்கரத்துக்கும் தண்டுக்கும் உள்ள தொடர்பு அறுபடும். இப்போது சக்கரம் மட்டும் சுழன்றால், பிடிப்பு உள்ளே இருக்கிறது; சக்கரமே சுழலாவிட்டால், பிசின் சக்கரத்தின் துளையிலேயே இருக்கிறது. ஒரு திருகு, ஒரு கேள்வி, தெளிவான ஒரு விடை.

பிடிப்பு உள்ளே என்று தெரிந்தால் உடனே எண்ணெய்க் குப்பியை எடுக்கலாகாது. திருகை மறுபடி இறுக்கிவிட்டு, ஊசித் தட்டின் அருகேயுள்ள சறுக்குத் தகட்டை விலக்கி, பாபின் கேஸையும், அதைச் சூழ்ந்த வளையத்தை விடுவித்து ஷட்டிலையும் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஷட்டில் ஓடும் பள்ளத்தில் அறுந்த நூல் ஒன்று சிக்கிச் சுருண்டு கிடப்பது மிக சாதாரணம். இரண்டங்குல நூல் முழு யந்திரத்தையும் நிறுத்திவிடும். அதை ஊசிமுனையால் நீக்கியதும் சக்கரம் விடுபடுமானால் வேலை பாதி முடிந்தது.

விடுபடாவிட்டால் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்த்து, கை உணர்வதைக் கவனிக்க வேண்டும். நூலோ வளைந்த ஊசியோ தடுப்பதானால், சக்கரம் ஒரு குறிப்பிட்ட இடம் வரை தாராளமாக வந்து ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் திடீரென நிற்கும். பிசின் தடுப்பதானால் எந்த இடத்திலும் எதிர்ப்பு ஒரே சீராக, மந்தமாக, கொஞ்சம் கொஞ்சமாக இணங்குவதாக இருக்கும். இந்தப் பேதத்தை விரல்கள் ஒருமுறை அறிந்துகொண்டால் பிறகு மறப்பதில்லை.

பிசின்தான் என்று துணிந்தபின், இடப்பக்கத்து முகத்தகட்டைக் கழற்றினால் ஊசித் தண்டும் அதன் பக்கத்தில் பிரஷர் ஃபுட் தண்டும் தெரியும். ஊசித் தண்டு துளைக்குள் புகும் இடத்தில் ஒரு பழுப்பு வளையம் படிந்திருக்கும். கையின் பின்புறமுள்ள வட்ட மூடியைத் திறந்தால் மேல் தண்டும், தலையைப் பின்னே சாய்த்தால் அடியிலுள்ள தண்டுகளும் புலப்படும். உலோகம் உலோகத்தின் மேல் அசையும் ஒவ்வோர் இடத்திலும், எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும், ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட வேண்டும். அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. ஓர் இரவு கழியட்டும். மறுநாள், மண்ணெண்ணெய் ஈரத்தை எங்கும் நன்றாகத் துடைத்துக் காய விட்டபின், கூந்தல் உலர்த்தும் கருவியால் அந்த மூட்டுகளை வெதுவெதுப்பாக்கி, சக்கரத்தை மறுபடி அசைக்க வேண்டும். முதலில் கடலைப் பருப்பளவு அசையும், பிறகு ஓரங்குலம், பிறகு கால் வட்டம். அசைவின் அகலம் கூடிக்கொண்டே போகும்வரை எங்கும் பலத்தைப் பிரயோகிக்க அவசியமில்லை. அகலம் கூடாமல் நின்றுவிட்டால், இன்னும் ஒரு மூட்டு மண்ணெண்ணெயைக் காணவில்லை என்று பொருள். பெரும்பாலும் அது துணியைத் தள்ளும் பல்லுக்குக் கீழே உள்ள மூட்டாகவே இருக்கும்.

சக்கரம் முழுவட்டம் சுழன்றதும் மூட்டுகளிலிருந்து கடுந்தேநீர் நிறத்தில் ஒரு திரவம் வழியத் தொடங்கும். அது கரைந்த பிசின். அதைத் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி துடைத்து, துணியில் கறை படாத நிலை வரும்வரை தொடர வேண்டும். மண்ணெண்ணெய் கழுவுமேயன்றி மசகாக நிற்காது. அது ஆவியானபின் வெறும் உலோகத்தோடு வெறும் உலோகம் உரசும். ஆகையால் கடைசிச் சுற்றில் எல்லாத் துளைகளிலும் யந்திர எண்ணெய் விட்டு, ஊசியும் நூலும் இல்லாமல் பத்து நிமிஷமாவது ஓட்ட வேண்டும்.

கடற்கரை ஊர்களில் கிடந்த யந்திரமானால் பிசினோடு துருவும் சேர்ந்திருக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. எனவே அது மூட்டை உள்ளிருந்து நெருக்குகிறது. அங்கும் மருந்து ஒன்றே. காலம் மட்டும் அதிகம் பிடிக்கும்.

பொன்னெழுத்துகளின் மேல்

கறுப்பு உடலுக்கு நிறம் தருவது, நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் குழைத்துப் பூசிச் சூளையில் சுட்ட மெருகு. மிக உறுதியானது அது. அதன்மேல் ஒட்டிய பொன்னிறச் சித்திரங்கள்—27-ஆம் வகையில் எகிப்திய ஸ்பிங்க்ஸ் உருவமும், 66-ஆம் வகை சிலவற்றில் சிவந்த கண் போன்ற கோலமும் புகழ் பெற்றவை—மிகவும் மெலிந்தவை. அவற்றைக் காக்கும் மேற்பூச்சு பெரும்பாலும் அரக்கு. குசும், பலாசம் முதலிய மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. அக்காலத்தில் உலகச் சந்தைக்கு அதில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்தே சென்றது. அதை ஆராய்வதற்கென்று 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற ஊரில் ஒரு நிலையம் ஏற்பட்டது.

இந்த அரக்கைச் சாராயம் கரைக்கும். சோடாவும் அம்மோனியாவும் கரைக்கும். கண்ணாடி துடைக்கும் நீர்மத்தால் அழுக்கை எடுக்கப் புகுந்தவர்களின் துணியில் அழுக்கோடு பொன்னும் வந்துவிடுவது இதனால்தான். உடலைத் துடைப்பதற்கும் யந்திர எண்ணெயையே பஞ்சில் தோய்த்து உபயோகிக்க வேண்டும்: அழுக்கு எண்ணெயில் ஊறும், அரக்கு ஊறாது. சித்திரம் தேய்ந்துபோன இடத்தில் புதிய சித்திரம் ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. தைத்தவரின் கை படிந்து தேய்ந்த இடம் அந்த யந்திரத்தின் சரித்திரம் அல்லவா?

மேஜையின் படலங்கள்

மேஜையிலும், எது எதில் கரையும் என்ற இதே பரீட்சைதான். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால், மெருகு பிசுபிசுப்பானால் அது அரக்கு. இளகாவிட்டால் தின்னரை ஒரு சொட்டு வைக்கலாம். அதில் இளகினால் அது லாக்கர். இரண்டிலும் இளகாதது எண்ணெய் வார்னிஷ். அரக்கென்று தெரிந்துவிட்டால் மெருகைச் சுரண்டி எறிய வேண்டிய அவசியமே இல்லை. எத்தனை ஆண்டு சென்றாலும் அரக்கு, சாராயத்தில் மறுபடி இளகும். வெடித்துப்போன மெருகின் மேல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுருண்டையை லேசாக ஓட்டினால் வெடிப்புகள் தாமே கூடிவிடும். ஈரமான டம்ளர் வைத்த இடத்தில் தோன்றும் வெள்ளை வளையமும் அவ்வாறே மறையும். அரக்கினுள் அகப்பட்ட நீர்த்திவலைகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது வெண்மையாகத் தெரிகிறது.

மேற்பலகை எழும்பி உப்பியிருந்தால் நிலைமை சற்றுச் சிக்கலானது. சிங்கரின் மேஜைகளில் ஓக், வால்நட் முதலிய மரங்களின் மெல்லிய தகட்டை மலிவான பலகையின் மேல் வச்சிரத்தால் ஒட்டியிருப்பார்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரம், சூடும் ஈரமும் பட்டால் இளகி, ஆறினால் பிடித்துக்கொள்வது; ஆகவே ஈரத்துணியை விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து, பின் பாரமேற்றி ஒரு நாள் விட்டால் உப்பல் படிந்துவிடும். ஆனால் வச்சிரத்துக்கு நன்மை செய்யும் அதே நீராவி, மேலே இருக்கும் அரக்கை வெளிறச் செய்யும். எனவே வச்சிர வேலையை முடித்த பிறகே மெருகு வேலையைத் தொடங்க வேண்டும். இந்தக் கிரமத்தை மாற்றினால் ஒரே வேலையை இருமுறை செய்ய நேரும்.

முதல் தையல்

யந்திரம் தைக்கும் விதத்தை அறிந்தவருக்கே அது சரியாகத் தைக்கிறதா என்பது தெரியும். கை ஊசி துணியை முழுவதும் கடந்து மறுபுறம் போகிறது. யந்திர ஊசியோ முனையில் கண் உடையதாய், நூலோடு பாதி தூரம் இறங்கி வந்த வழியே திரும்புகிறது. மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் மேலே எழும்போது, நூல் துணியின் உரசலால் உடனே பின்தொடர மாட்டாமல் ஊசியின் அருகே ஒரு கண்ணியாகப் பிதுங்குகிறது. ஷட்டிலின் கூர்முனை அந்தக் கண்ணியைப் பற்றி, பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது; கீழ்நூல் அதனூடே அகப்பட, மேலே உள்ள இழுகோல் கண்ணியைச் சுருக்கி இழுக்கிறது. இரண்டு நூல்களும் துணியின் கனத்துக்குள்ளே ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால் இதைப் 'பூட்டுத் தையல்' எனலாம்.

சோதிப்பதற்கு மேலே சிவப்பு நூலும் கீழே வெள்ளை நூலும் இட்டு, புதிய ஊசியை மாட்டி, அதன் நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூலைக் கோத்து, இரட்டைத் துணியில் ஒரு சாண் தைத்துப் பார்க்க வேண்டும். மேற்புறம் சிவப்பும் அடிப்புறம் வெள்ளையும் மட்டுமே தெரிந்தால் இழுப்பு சமமாக இருக்கிறது. மேலே வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் மேல்நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. அடியில் சிவப்புக் கண்ணிகள் தொங்கினால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது. பழைய யந்திரங்களில் இதற்குக் காரணம் பெரும்பாலும் டென்ஷன் தகடுகளின் நடுவே படிந்த பஞ்சு. பிரஷர் ஃபுட்டைத் தூக்கினால் அத்தகடுகள் விலகும்; அப்போது ஒரு துணி நாடாவை நடுவே செலுத்தி இழுத்தால் பஞ்சு வந்துவிடும். அவ்விடத்தில் மட்டும் எண்ணெய் படலாகாது. நூல் வழுக்கும், துணியிலும் கறை படியும். இவ்வளவுக்குப் பிறகும் இழுப்பு சமப்படாவிட்டால்தான் பாபின் கேஸின் மேலுள்ள சிறு திருகைத் தொடலாம். அதையும் ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும் ஒரு சாண் தைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.